தொட்டிக்குள் ஒரு நடவுப் பாட்டு

வாக்காளர் பட்டியல் வேலையாகக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரலில் நடவுப் பாட்டு அதிர்ந்து வந்தது. கீழே பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

“தொட்டி ஆபரேட்டருங்க. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறாரு. பாட்டுக் கேட்டா, ஆளு நல்லா இருக்காருன்னு அர்த்தம்” என்றார் ஓர் அக்கா.

சட்டென்று பாட்டு நின்றது. ஏணியை நோக்கி ஓடினேன். பெண்களோ அசையவில்லை.

தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு நனைந்த தலையும் பெரிய வெள்ளை மீசையும் தெரிந்தன.

“ஆத்தா, அடுத்த வரி மறந்துபோச்சு!”

பெண்கள் ஒரே குரலில் அந்த வரியைப் பாடினார்கள். தலை மறைந்தது. தொட்டி மறுபடி பாடியது.

“ஒவ்வொரு தடவயும் அதே வரியத்தான் மறக்குறாரு” என்று அக்கா சிரித்தார்.

வேலை முடிந்து அவர் இறங்கி வந்ததும் கேட்டேன். “நெசமாவே மறந்துருச்சாங்க?”

துண்டைப் பிழிந்தபடி கண்ணடித்தார். “கீழ ஆளு நிக்குதான்னு உள்ள இருக்கவனுக்கு வேற எப்புடிங்க தெரியும்?”

அந்த வரி இப்போது எனக்கும் மனப்பாடம்.