அறுபது குடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எதையாவது அளந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு கோடையில் மலையடிவாரத்துக் கிணறுகள் தரை தட்டின. என் தெருவுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் தகராறு வந்தது.

கிணறு இரண்டு வீட்டுக்குப் பொது. ஒன்றில் கணவனை இழந்த ஓர் அம்மாள் இருந்தார், மற்றதில் அவருடைய கொழுந்தன். கிணற்றோரம் நின்ற புங்கமரம் அந்த அம்மாளுடையது. அதன் கொட்டையைப் பொறுக்கிச் செக்குக்காரருக்குப் போட்டுத்தான் அவர் காலம் தள்ளினார். வேர்கள் கல் இடுக்கு வழியாகக் கிணற்றுக்குள் தொங்கின. மரம்தான் தண்ணீரைக் குடிக்கிறது, வெட்ட வேண்டும் என்றார் கொழுந்தன். பஞ்சாயத்துப் பெரியவர்கள் நான்கு பேர், முடிவு சொல்லத் தயங்கி, என்னிடம் வந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மரத்தின் சிறு கிளை ஒன்றை இலைகளோடு மருந்து பாட்டிலில் செருகினேன். பாட்டில் தண்ணீர் தானாக ஆவியாகாமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டேன். தண்ணீர் மட்டத்தில் நூல் கட்டி, பள்ளி மொட்டைமாடியில் பதினொரு மணி வெயிலில் வைத்தேன். காற்று நன்றாக அடித்தது. ஒரு மணிக்குப் போய், இறங்கியிருந்த அளவை அவுன்ஸ் கிளாசால் ஊற்றி நிரப்பினேன். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு எவ்வளவு, இத்தனை இலைக்கு இவ்வளவு என்றால் மரம் முழுக்க எவ்வளவு என்று பெருக்கினேன். நாளுக்கு அறுபது குடம் வந்தது. பெருக்கலில் பிழையே இல்லை.

சாயங்காலம் பாட்டிலை மறுபடி நூல் மட்டத்துக்கு நிரப்பிவிட்டுப் பஞ்சாயத்துக்குப் போனேன். அறுபது குடம் என்றதும் கூட்டம் வாயைப் பிளந்தது. அந்த அம்மாள் மட்டும் கேட்டார்.

"ராத்திரில கூடவா சார் குடிச்சிகினு இருக்கும்? வெயில் அடிச்சாத்தான துணியே காயுது?"

"மரத்துக்குப் பகல் ஏது, ராத்திரி ஏதும்மா? விவரம் தெரியாம பேசாதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெட்டலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை பாட்டிலை எடுக்க மாடிக்குப் போனேன். இரவு முழுக்க வெளியில் நின்ற கிளை. தண்ணீர் ஏறக்குறைய நூல் மட்டத்திலேயே இருந்தது. இருட்டியதும் இலையின் துளைகள் மூடிக்கொள்ளும் என்று அதே பள்ளியில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கிளை வாடியதால் அப்படி ஆகியிருக்கும் என்று காரணம் கற்பித்துக்கொண்டு, புதிய கிளைகளை வெட்டி வந்து, ஒன்றை வெயிலிலும் மற்றதை வகுப்பறைக்குள்ளும் வைத்து, இன்னொரு பகலும் இரவும் பார்த்தேன். சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வகுப்பறைக் கிளை வெயிலில் இருந்ததில் மூன்றிலொரு பங்குகூடக் குடிக்கவில்லை.

அதற்கும் மறுநாள் காலையில் போனேன். மரம் முந்தின நாளே விழுந்திருந்தது. அந்த அம்மாள் சாய்ந்த கிளைகளிலிருந்து காய்களை உருவிக்கொண்டிருந்தார். கொழுந்தன் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரிடமும் சொன்னேன்: இரவில் மரம் குடிப்பது சொற்பம். நிழலிலும், காற்று நின்றபோதும் குறைவு. மொத்தமாகப் பதினைந்து குடம் இருந்தாலே அதிகம்.

"பதினஞ்சும் தண்ணிதான சார்" என்றார் கொழுந்தன், கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் கையிலிருந்த காய்களை முறத்தில் போட்டார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மரம் போயிடிச்சி, அதை வுடுங்க சார். இப்ப சொன்னீங்களே, அதை அந்த நாலு பேர் எதிர்லயும் சொல்லிடுங்க. நான் விவரம் கெட்டவள்னு எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆங், சொல்றேம்மா" என்றேன்.

அதன்பின் ஒன்றரை வருஷம் அந்த ஊரில் இருந்தேன். அந்த நால்வரில் ஒருவர் தினமும் பள்ளி வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நானும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.