பச்சை மூடிக் குழாய்

சங்கமித்ராவுக்கு நாற்பத்து மூன்று வயது. புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. அப்பா நீலமேகம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் புத்த மதத்துக்கு மாறிய வருடம் பிறந்ததால் மகளுக்கு இந்தப் பெயர். தம்பி செங்குட்டுவன் நான்கு வயது இளையவன். பெற்றோர் இறந்தபின் வீட்டில் இருவர் மட்டும்.

ராயபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. கூட்டித் துடைக்கச் சேர்ந்தவள். இப்போது மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் சாவி அவளிடம் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களின் ரத்தத்துக்குச் சிவப்பு மூடிக் குழாய், தங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நோய் இல்லாதவர்களுக்குப் பச்சை. வெறுங்கை பட்டால் அதிலுள்ள ஆர்.என்.ஏ. என்ற மரபணுப் படி சிதைந்துவிடும். புதிதாக வரும் மாணவர்களை கிளவுஸ் போடச் சொல்லித் திட்டுவதும் அவள் வேலைதான்.

அங்கே என்ன தேடுகிறார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் டெபோரா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். உயிரணுவுக்குள் மரபணுவிலிருந்து செய்திகள் படியெடுக்கப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் புரதம் உண்டாகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள துண்டு. அதிலிருந்து புரதம் எதுவும் உண்டாவதில்லை. அது செய்தியில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தடுக்கும் அல்லது குறைக்கும். சில மனநோய்களில் மூளைக்குள் இந்தத் தடுப்பின் அளவு மாறியிருக்கிறது. அது நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்பது இன்னும் தெளிவாகவில்லை. உயிரோடு இருப்பவரின் மூளையை எடுத்துப் பார்க்க முடியாது என்பதால் ரத்தத்தில் தேடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் முன்பு திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி எண் குறித்துக்கொண்டிருந்தவன். ஒன்பது வருடத்துக்கு முன் லாரி ஹாரன்களில் தன் பெயர் கேட்பதாகச் சொல்ல ஆரம்பித்தான். மனச்சிதைவு என்றார் மருத்துவர். வேலை போயிற்று. மாத்திரை நிலைத்தது. இப்போது தண்ணீர் கேன் போடுகிறான்.

“அப்ப அது கேட்டுல நிக்கிற ஆளு, அக்கா,” என்றான். “சரக்கு அவன் செய்யல. எந்த வண்டி உள்ள போவணும்னு மட்டும் அவன் பாக்குறான்.”

“ஆமா.”

“என் மண்டையில அவன் டூட்டிக்கே வர்ல போல கீது.”

இருவரும் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் பச்சை மூடிக்கு ஆள் குறைந்தது. “மித்ராக்கா, நீங்க வாங்களேன்,” என்றாள் நர்ஸ் ஜானட். கேள்விகளை அவள் உரக்கக் கேட்டு எழுதினாள். பின்னால் மூன்று மாணவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். உடன்பிறந்தவர்கள் யாருக்காவது மனநோய் உண்டா?

சங்கமித்ராவுக்கு முன் சாவி வைத்திருந்தவர் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதாகச் சொல்லி ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது அவரைப் பாட்டில் கழுவ விட்டார்கள். பதினோரு வருடத்தில் அவள் தம்பியைப் பற்றி அங்கே வாய் திறந்ததில்லை.

“கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல,” என்றாள்.

அவள் ரத்தம் நாற்பத்தேழாம் எண்ணாகப் பச்சைப் பெட்டிக்குள் போயிற்று. கேள்விப் படிவத்தின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுநாள் கழுவுவதற்காக டிபன் பாக்ஸை எடுத்த செங்குட்டுவன் அதையும் எடுத்தான். நின்றபடியே முழுவதும் படித்தான்.

“இன்னாக்கா, நான் என்னிக்கு செத்தேன்?”

“வேலைக்குப் பிரச்சன வரும்டா.”

“தேதி சொல்லியிருந்தா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சிருப்பேன்ல. கீய செவுத்துல எடம் கீது.”

அவள் நகலை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

“அந்த ரத்தம் எங்க கீது?”

“பச்சையில.”

“எனக்கும் உனக்கும் ஒரே அப்பா அம்மாதானே. அப்ப தப்பான கேட்டுல போன வண்டிதான் அது.”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். காலையில் டீ போடுவது அவன்தான். இரண்டு நாள் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் சங்கமித்ரா டெபோராவின் மேசைக்கு முன் போய் நின்றாள். “நாற்பத்தேழு தப்பு மேடம். எனக்குத் தம்பி இருக்கான். மனச்சிதைவு.”

டெபோரா கணினியிலிருந்து திரும்பினாள். “எத்தன வருஷமா?”

“ஒம்பது.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“முன்னாடி சொன்னவர்கிட்ட சாவிய வாங்கிட்டாங்க மேடம்.”

டெபோரா நாற்பத்தேழாம் எண்ணைத் திரையில் தேடினாள். சிவப்புக்கு ஈடாகப் பச்சையில் ஆள் சேர்த்த கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும் என்றாள். இரண்டு வாரம் போகும் என்றாள். பிறகு, “குழாய இன்னைக்கே எடுத்துடுங்க. நோயாளிகளோட கூடப்பிறந்தவங்களுக்குத் தனிப் பெட்டி இருக்கு. அதுக்கு ஆளே கிடைக்கல. புதுசா ஃபாரம் எழுதிக் கொடுத்தா அதுல வைக்கலாம். தம்பிக்கு இஷ்டம்னா அவரும் வரட்டும்,” என்றாள்.

திருப்பிக் கேட்பாளோ என்று சங்கமித்ரா சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். டெபோரா கேட்காமல் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள். சங்கமித்ரா ஃப்ரீசரைத் திறந்து நாற்பத்தேழை வெளியே எடுத்தாள்.

அக்கா நடந்ததைச் சொல்லிக் கூப்பிட்டதும், செங்குட்டுவன் சனிக்கிழமை கேன் போட்டு முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தான். சட்டை தோளில் நனைந்திருந்தது. ஜானட் கேள்விகளைக் கேட்டாள்.

“கூடப்பிறந்தவங்க?”

“ஒரு அக்கா.”

“அவங்களுக்கு மனநோய் ஏதாவது?”

கதவருகே நின்றிருந்த சங்கமித்ராவைப் பார்த்தான்.

“நோவுலாம் இல்ல. பொய் சொல்லும். அத்த எய்திக்கோம்மா.”

ஜானட் அதை எழுதவில்லை. ஊசியைப் பார்க்காமல் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான். சங்கமித்ரா கிளவுஸை மாட்டிக்கொண்டு, சிவப்பு மூடியிட்ட அவன் குழாயை வாங்கிக்கொண்டாள்.