எருமையக்காவின் சொந்த ஊர்

"கண்ணீர் அஞ்சலிப் பனர் ஒண்டு அடிக்க வேணும். இண்டைக்கே வேணும்" என்று ஒரு குரல் கேட்டது. நான் தலை நிமிரவில்லை. எங்களுடையது கிளிநொச்சியில் பனர், கலியாண அல்பம், பிறந்தநாள் படம் எல்லாம் அச்சடிக்கிற கடை. சாவீட்டுப் பனருக்கு ஒரு மாதிரி எப்போதும் கணினியில் கிடக்கும். பெயரும் படமும்தான் மாறும். அதைத் திறந்துகொண்டே, "பிறந்த இடம் சொல்லுங்கோ" என்றேன். எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தல் அப்படித்தான் தொடங்கும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்.

"முத்துமாரிநகர்."

"பெயர்?"

"புவனேஸ்வரி."

அப்போதுதான் நிமிர்ந்தேன். முன்னால் நின்றது புவனாவின் தம்பி சிவா. கண்கள் வீங்கியிருந்தன. எனக்குப் பக்கத்தில், எட்டு வருடமாக அவள் இருந்து வேலை செய்த கதிரை வெறுமையாக இருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் லீவு எடுத்திருந்தாள். "திங்கள் வாறன் அக்கா" என்று செய்தி அனுப்பியிருந்தாள். திங்கள் போய் வியாழனும் வந்துவிட்டது, போன் எடுக்கவில்லை. கரண்ட் இல்லையாக்கும், சார்ஜ் போயிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எலிக்காய்ச்சலாம் அக்கா. வயல் தண்ணியிலருந்து வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகேக்க பிந்திப் போச்சு" என்றான் சிவா. அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பனருக்குக் கொண்டுவந்திருந்தான். அவளுடைய பனரை நான்தான் அடித்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

இதை வாசிக்கப் போகிற உங்களில் பாதிப் பேர், "தங்கச்சி, என்ரை அல்பம் எப்ப வரும்?" என்று கடையில் அவளை அரித்தெடுத்தவர்கள். மற்றப் பாதிப் பேருக்கு அவளுடைய முகமே தெரியாது. சனிக்கிழமைகளில் நேரலையில் வந்து தீர்ப்புச் சொன்ன எருமையக்காவைத்தான் தெரியும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முகத்தைக் காட்டாமல், வரைந்த உருவம் ஒன்றை முன்னால் விட்டுப் பேசுகிற நேரலை செய்ய வேண்டும் என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "உன்ரை முகத்துக்கு என்னடி குறை?" என்றேன். "முகத்துக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. கேள்விதான் கூட வரும்" என்றாள். கடையில் படம் வரைகிற வேலை என்னுடையது. பெரிய கண், நீளப் பின்னல், மல்லிகைப்பூ எல்லாம் வைத்து ஒரு பெண்ணை வரைந்து கொடுத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்ல வடிவு அக்கா. ஆனா இவளைக் கண்டவுடனை, ஆற்றை பிள்ளை, எந்த ஊர் எண்டுதான் கேப்பினம். எனக்கு ஒரு எருமை கீறித் தாங்கோ. எருமையைப் பார்த்து ஆர் ஊர் கேக்கப் போகினம்?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மூன்று நாள் மினக்கெட்டு வரைந்த பெண்ணை விட்டுவிட்டு எருமையா! "உனக்கு ஏத்த உருவம்தான்" என்று ஏசிக்கொண்டே வரைந்தேன். "அதுதானே, ஏசுற ஆக்களுக்கும் வசதி" என்று சிரித்தாள். போன் கமரா அவளுடைய முகத்தைப் பார்க்கும். அவள் கண் சிமிட்டினால் எருமையும் சிமிட்டும், வாய் திறந்தால் அதுவும் திறக்கும். புருவத்தை உயர்த்தினால் எருமையின் காது நிமிரும், புருவம் விழுந்தால் காதும் விழும். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. கண்ணீர் நான் வரையவில்லை. எருமை ஏன் அழப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் நேரலைக்கு வந்தவர்கள் நானும், கடை முதலாளியின் மகளும், வேறு எதையோ தேடித் தவறி உள்ளே வந்த ஒருவரும். அந்த மூன்றாவது ஆளை அவள் விடவில்லை. பெயர் கேட்டாள், சாப்பிட்டாரா என்று கேட்டாள், பல்லு வலிக்கிறது என்று அவர் எழுதியதை ஞாபகம் வைத்திருந்து அடுத்த சனிக்கிழமை "பல்லு எப்பிடி?" என்றாள். அந்த மனிதர் அடுத்த முறை தன் தங்கையையும் கூட்டி வந்தார். அப்படித்தான் ஆள் சேர்ந்தது. மற்றவர்களைப் போல, பாருங்கோ, பகிருங்கோ, பெல்லை அமத்துங்கோ என்று அவளும் சொல்ல வேண்டும் என்று நான் நச்சரித்துப் பார்த்தேன். "கெஞ்சிக் கூப்பிட்டா வருவினம் அக்கா, இருக்க மாட்டினம்" என்பாள். "எல்லாரும் சாப்பிட்டனியளோ?" என்றுதான் ஒவ்வொரு நேரலையும் தொடங்கும். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் காலைத் தேத்தண்ணி. அந்த நேரத்தையும் அவள்தான் யோசித்துப் பிடித்தாள்.

பிறகு வழக்குகள் வந்தன. லண்டனில் இருந்து ஒரு கணவர், மனைவி ஒவ்வொரு நாளும் தன் தாயோடு லவுட்ஸ்பீக்கரில் கதைக்கிறார், வீட்டில் இருக்க முடியவில்லை என்று எழுதினார். எருமை தலையாட்டவில்லை. "இரண்டு பக்கமும் கேளாமல் இந்த எருமை தலையாட்டாது. அக்காவைக் கூப்பிடுங்கோ" என்றாள். மனைவி வந்து எழுதினார்: அம்மாவோடு தன்னைவிடக் கூடக் கதைக்கிறது இவர்தானாம். எருமையின் காது இரண்டும் நிமிர்ந்தது. "அப்ப வழக்குப் போட்டவர் மாமியோடை கதைச்சு முடியும்வரைக்கும் சட்டிபானை கழுவ வேணும். வழக்கு முடிஞ்சுது, அடுத்த ஆள் வாங்கோ!" அதை நான் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டேன். அது எங்கெல்லாமோ போயிற்று. அடுத்த கிழமை கடைக்கு வந்த ஒருவர், எதிரில் இருப்பவள்தான் அந்த எருமை என்று தெரியாமல், அதை அவளுக்கே போனில் போட்டுக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போய் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

ஆனால் எருமையிடமும் ஊர் கேட்டார்கள்.

ஜேர்மனியில் இருந்து ஒருவர் ஒரு சனிக்கிழமையும் தவற விடாமல் வருவார். ஜேர்மனி அண்ணை என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். நல்ல மனிதர். ஆனால் வாராவாரம் அதே கேள்வி: "தங்கச்சி எந்த ஊர்?" கிளிநொச்சி என்பாள். "அது தெரியும். சொந்த ஊர்?" முத்துமாரிநகர் என்று சொன்னால் கதை அதோடு முடியாது, "அதுக்கு முதல்?" என்று போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் "போனுக்குள்ளைதான் அண்ணை என்ரை ஊர்" என்று சொல்லிச் சிரித்துக் கடந்துவிடுவாள்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் அப்பப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து காணி கிடைக்கிறது என்று உருத்திரபுரத்துக்கு வந்து காடு வெட்டியவர். நான் உருத்திரபுரம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். புவனாவின் அப்பாவும் அம்மாவும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கலவரத்தில் அடிபட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவர்கள். முத்துமாரிநகரே அப்படி வந்தவர்கள் குடியேறிய ஊர்தான். அவர்களும் காடுதான் வெட்டினார்கள். புவனா இங்கேதான் பிறந்தாள், இரணைமடுக் குளத்துத் தண்ணி பாய்ந்த வயலில்தான் வளர்ந்தாள். ஆனாலும் அவளிடம்தான் "அதுக்கு முதல்?" என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. கடையில் எங்களோடு எங்களைப் போலவே கதைப்பாள். அம்மாவிடம் இருந்து போன் வந்தால் மட்டும் வாசலுக்குப் போய்விடுவாள். "ஆமாம்மா, சாப்புட்டாச்சு, வந்துர்றேன்" என்று மெதுவாகக் கேட்கும். அந்தக் குரல் வேறு. எனக்கு அந்தக் குரல்தான் கூடப் பிடிக்கும். இதை அவளிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை என்பது இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஒரு சனிக்கிழமை நேரலை நடந்துகொண்டிருக்கும்போது அவளுடைய அம்மா அறைக்குள் வந்துவிட்டார். "புள்ள, தேத்தண்ணி ஆறிப் போவுது, குடிச்சிட்டுப் பேசு" என்றது எல்லோருக்கும் கேட்டது. திரையில் எழுத்துகள் ஓடின. "அம்மா இந்தியாவோ?" என்றார் ஒருவர். இன்னொருவர் ஒரு சொல்லை எழுதினார். மலையக மக்களை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியவர் அதை மறந்தும் இருப்பார். எருமையின் காது இரண்டும் மெதுவாகக் கீழே விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே அவற்றை உயர்த்திக்கொண்டு, "சரி, அடுத்த வழக்கு" என்றாள்.

திங்கட்கிழமை கடையில் நான் கத்தினேன். "அவங்களுக்கு மூஞ்சையிலை அடிச்ச மாதிரிச் சொல்லு, நாங்கள் மலையகம்தான், அதுக்கு இப்ப என்ன எண்டு!" அவள் அல்பத்துக்கு மட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லத்தான் போறன் அக்கா. ஒரு ஆயிரம் பேர் சேரட்டும். இப்ப சொன்னா இருக்கிறவையும் எழும்பிப் போயிடுவினம். ஆயிரத்திலை பாதி போனாலும் மிச்சம் இருக்கும்தானே?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆயிரம் சேர்ந்தது. அன்று கடையில் எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கித் தந்தாள். "இனி?" என்றேன். "இன்னும் கொஞ்சம் சேரட்டும்." பிறகும் கேட்டேன். "பொங்கலுக்கு" என்றாள். பொங்கலுக்கு அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. என்னைக் கொண்டு இன்னொரு எருமை வரைவித்தாள். அம்மா எருமை. நெற்றியில் குங்குமம், மூக்குத்தி, தலையில் முக்காடு போட்ட துவாய். "அம்மாவைப் பக்கத்திலை இருத்தி வழக்குக் கேக்கப் போறன். அவா அவான்ரை பாசையிலை தீர்ப்புச் சொல்லுவா. நானும் அண்டைக்கு அவாவோடை அவான்ரை பாசையிலைதான் கதைப்பன். ஊர் கேட்டா ஊர் சொல்லுவன்." அதைச் சொன்னபோது அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை எந்தக் கமராவும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த மாரியில் மழை கடுமை. கடை லீவு நாள்களில் அம்மாவோடு வயலுக்குள் இறங்கிக் களை பிடுங்கினாள். காய்ச்சல் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று போனில் சொன்னேன். "சனிக்கிழமை முடியட்டும் அக்கா, சனம் பாத்துக்கொண்டிருக்கும்." அந்தச் சனிக்கிழமையும் வந்தாள். குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் என்றாள். எருமையின் முகத்தில் காய்ச்சல் தெரியவில்லை. எதையும் தள்ளிப்போட மாட்டாள், சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துத் தருவாள் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள், தன்னுடைய இரண்டு காரியத்தை மட்டும் தள்ளிப்போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் வந்து காத்திருந்தீர்கள். "எருமையக்கா எங்கை?" என்று வரிசையாக எழுதினீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பதில் எழுதக் கை வரவில்லை. அறிவித்தல் போடுவதென்றால் முதல் வரியில் ஊர் வந்துவிடும். அவள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

கருமாதி முடிந்த பிறகு அவளுடைய அம்மாவிடம் போனேன். "அம்மா, ஊர் போடாமலும் அறிவிக்கலாம். சும்மா கிளிநொச்சி எண்டு மட்டும் போட்டு விடலாம்" என்றேன்.

"ஏன், எம் புள்ளைக்கு ஊரு இல்லையா?" என்றார்.

அறிவித்தலுக்கென்று எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்தேன்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம். எனக்குன்னு ஒண்ணு வரஞ்சு வச்சிருக்கீங்கன்னு அவ சொன்னா. அதுல நானே பேசுறேன்."

சனிக்கிழமை அதே நேரம் அம்மா எருமை முதல் தடவையாகக் கண் திறந்தது. அம்மாவுக்குப் போனைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. எருமை பக்கவாட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "எல்லாரும் சாப்புட்டீங்களா?" என்றார். "நான் புவனாவோட அம்மா. ஒங்க எருமையக்கா பேரு புவனேஸ்வரி. எம் புள்ள செத்துப் போச்சு சாமி. நாங்க மலைநாட்டுலருந்து வந்தவங்க. எம் புள்ள முத்துமாரிநகர்லதான் பொறந்தா, அங்கதான் இருந்தா. ஊரு கேட்டீங்களாம். சொல்ல வெக்கப்படல, நீங்க போயிருவீங்களோன்னு பயந்தா." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. என் பக்கத்தில் அவர் விம்மி அழுதுகொண்டிருந்தார். திரையில் காது இரண்டும் தொங்கிய எருமை வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. நான் அதற்கும் கண்ணீர் வரைந்திருக்கவில்லை.

சிலர் வெளியேறினார்கள், பொய் சொல்ல மாட்டேன். முதலில் எழுதியது ஜேர்மனி அண்ணை. "சாப்பிட்டன் அம்மா. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று எழுதினார். அதற்குக் கீழே ஒவ்வொரு பெயராக, சாப்பிட்டம் அம்மா, சாப்பிட்டம் அம்மா என்று வந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வரிகளை அவள் அல்லவா வாசித்திருக்க வேண்டும்! ஆயிரம் சேரட்டும், இன்னும் கொஞ்சம் சேரட்டும், பொங்கல் வரட்டும் என்று அவள் காத்திருந்தது அந்தச் சில சொற்களுக்குத்தான். அவை வந்தபோது அவள் இல்லை. இதை நினைத்து நான் எத்தனை தரம் அழுதாலும் ஆறவில்லை.

எருமைகள் இரண்டும் கடைக் கணினியில் இருக்கின்றன. கதிரையில் வேறொரு பிள்ளை வந்து இருக்கிறாள். புவனாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். புதிதாக யார் கடைக்குள் வந்தாலும், சாவீட்டுக்காரர் என்றாலும் கலியாண வீட்டுக்காரர் என்றாலும், நான் முதலில் கேட்பது "சாப்பிட்டனீங்களோ?" என்றுதான். ஊரை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.