களியும் கம்பிக் குழாயும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கஞ்சிகூட இறங்காமல் போனபோது, ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வலைக் குழாய் ஒன்று வைத்தார்கள். ஸ்டென்ட் என்று பெயர். மெத்தென்று இருப்பதை மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

சாலவாக்கத்திலிருந்து அவருடைய அக்கா பஸ் ஏறி வந்தார். தூக்கில் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும்.

"கஞ்சியே ஊத்திக்கினு இருந்தா ஆளு எப்டி தேறுவான்? இத்தவிட மெத்துனு இன்னா கீது, சொல்லு?"

எங்கள் பக்கம் களியை யாரும் மெல்லமாட்டார்கள். உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான். அவரும் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் களி இறங்காமல் நடுவிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், மூக்கு வழியாக வந்தது. எச்சிலும் இறங்காமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தார்.

மகள் கார் பிடித்து எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"எண்டோஸ்கோப்பி பண்ணி எடுத்துப் பாக்குறோம்மா," என்றார் டாக்டர். "குழாய் நகந்திருந்தா வேற வழி பாக்கணும்."

"வேற வழின்னா?" என்றாள் மகள்.

"வயித்துல ஓட்ட போட்டு டியூப்ல கஞ்சி."

படுத்திருந்தவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நாத்தனார் என் கையைப் பிடித்தார். "என் தம்பிய நானே கொன்னுட்டனா மே?"

"சும்மா இருங்க அண்ணி."

கீரைக் காம்பு வலையில் சிக்கி, அதன்மேல் களி அடைத்துக்கொண்டதாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்களாம். குழாய் நகரவில்லை. ஆனால் மேல் விளிம்பில் சதை வளர்கிறது, மறுபடி அடைத்தால் அதற்குள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிற்று.

"இன்னும் கொஞ்சம் ஊத்து மே," என்றார். அவசரத்தில் ஊற்றினேன், பாதி சட்டையில் போயிற்று.

இப்போது கஞ்சியையும் வடிகட்டித்தான் கொடுக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் பயம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும், முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கணும், தலைமாட்டை உயர்த்திப் படுக்கணும் என்று டாக்டர் சொன்னார். சோடா குடிக்கலாம் என்றாரா, கூடாது என்றாரா, அது மட்டும் ஞாபகம் இல்லை. மகள் இதைப் படித்தால், டாக்டரிடம் கேட்டு, நான் எழுதியது எல்லாம் சரிதானா என்று பார்த்துச் சொல்லட்டும்.