ரெட் கார்டுக்காரன் பந்து பொறுக்குன கத

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா ரெப்ரி பாக்கெட்டுக்குள்ள கைய விட்டா, என்ன கலர் கார்டு வரும்னு மட்டும் கரெக்டா வாசிச்சிருவேன். பாதி புட்பால் மெச்ச நான் வெளிய நின்னு பாத்தவன். மொறைப்பேன், தள்ளுவேன், ஒரு தடவ எங்க கோல்கீப்பரையே குத்திட்டேன்.

கடைசியா தெரணியகலைப் பக்கத்து சிங்களப் பொடியன் ஒருத்தன முட்டித் தள்ளுனேன். எங்க தோட்டத்துத் தலைவருக்கு பொறுக்கல.

"இந்த சீசன் நீ கிரவுண்டுல கால் வைக்காத. கீழ தேயிலைக்குள்ள நின்னு பந்து பொறுக்கு. சண்ட சச்சரவு இல்லாம இருந்தியன்னா அடுத்த வருசம் ஆடலாம்."

எங்க கிரவுண்டு மலைய வெட்டுன எடம். ஒரு பக்கம் சறுக்கு. பந்து விட்டா ஆத்துக்குத்தான் போகும். நானும் நல்ல புள்ளையா நின்னேன். அட்ட கடிச்சுது, அதக்கூட திட்டல.

கடைசி மெச்சுக்கு அதே தெரணியகலை டீமு வந்துச்சு. நடுவுல பனி எறங்கி, மேல கிரவுண்டே காணாமப் போச்சு. சத்தம் மட்டும் மெதந்துச்சு. அப்பதான் பந்து, யாரோ அனுப்பி வச்ச மாதிரி மெதுவா உருண்டு வந்து என் காலுக்கிட்ட நின்னுச்சு. பின்னாடியே அவன். நான் முட்டுன அதே பொடியன்.

"அய்யே, பந்து"ன்னான். சிங்களத்துல அண்ணன்னு கூப்புட்டா எனக்கு எளகிரும்.

காலால தட்டி விட்டேன். அவனும் திருப்பித் தட்டுனான். தேயிலைக்கு நடுவுல ரெண்டு பேரும் ஆடுனோம். பந்து பனிக்குள்ள போகும், கொஞ்சம் கழிச்சு நனஞ்சு திரும்பி வரும். அவன் மூஞ்சிகூட தெரியல. மேல விசிலும் இல்ல. என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமா நான் ஆடுனதே இல்லீங்க.

அப்பறம் அவன் வழுக்கி, கவ்வாத்து வெட்டுன தேயிலைக் கட்டையில மூக்கக் குடுத்துட்டான். கையப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போனேன். பனி வெலகுது. எல்லாரும் மொதல்ல அவன் மூக்கப் பாத்தாங்க. அப்பறம் என்னைய.

"கீழ நின்னும் அடிச்சிட்டியாடா?"ன்னாரு தலைவரு.

"நானாத்தான் வழுக்குனேன்"னு அவன் சிங்களத்துல சத்தியம் பண்றான்.

"பாரு, எப்பிடி பயந்து போயிருக்கான்!"ன்னாங்க எங்க ஆளுங்க.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அதுல, என் மேல அவங்களுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு.

இன்னமும் கீழதான் நிக்கிறேன். அந்த டீமு வர்ற அன்னிக்கு மட்டும், பனி எறங்குதான்னு மலையப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவனும் கோல விட்டுட்டு இந்தப் பக்கந்தான் பந்த ஒதைக்கிறான்.