தேசம்மா கேட்ட வேர்

பட்டாபிராமில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். பின்பக்க மதிலோரம் வேலிகாத்தான் மறுபடியும் தழைத்துவிட்டது. மூன்றாவது மாடி சார் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மதுரைப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை.

"என்னண்ணே, போன மாசந்தானே வெட்டுனீங்க? எங்க ஊர்ல இதச் சீமைக்கருவேலும்பாய்ங்க. என் பின்னாடியே வந்துருச்சா?"

"உங்களுக்கு முன்னாடியே வந்துட்ச்சு சார்."

சிரித்துக்கொண்டே போனார். நான் கத்தியை எடுத்து ஒரு கிளையை வெட்டினேன். அந்தப் பச்சை வாடை வந்தது. ஒரு காலத்தில் என் கையிலேயே இருந்த வாடை. எந்தச் சோப்புக்கும் போகாது. "கைய ஊட்டுக்கு வெளில கழட்டி வெச்சிட்டு உள்ள வா" என்பாள் என் பெண்டாட்டி.

அப்போது நான் விறகு வெட்டும் செட்டில் இருந்தேன். நாலு பேர். மேஸ்திரி ஏழுமலை, சேக்காட்டுக்காரன். அண்ணனூரில் முதல் ரயில். கத்திகளைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவோம். சென்ட்ரலில் வண்டி மாறி, எண்ணூர் தாண்டி இறங்கினால் உப்பங்கழி.

நான் ஏரி பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் பக்கத்தில் செடி பச்சையாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. அங்கே கழியோரம் முழுக்க தரையோடு தரையாகச் சிவந்து கிடந்தது.

"செத்துப்போச்சா மேஸ்திரி?"

"டேய், அது உமரிடா. வெயில்ல அப்டித்தான் செவக்கும். வாயில போட்டுப் பாரு."

போட்டேன். உப்பு. துப்பினேன். செட்டே சிரித்தது.

அந்த உமரியைப் பறித்து விற்றுத்தான் தேசம்மா பிழைத்தாள். புருஷன் இல்லை. குடிசைக்குப் பின்னால் கழியோரம்தான் அவளுக்கு எல்லாம். ஒருநாள் கருவாடு போட்டு உமரி ஆக்கிக் கொடுத்தாள். உப்பே போடாத குழம்பு. சரியாக இருந்தது.

அவள் கரையில் வேலிகாத்தான் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டிப் போய்க் காட்டினாள். புதருக்கு அடியில் ஒரு புல் இல்லை. தூரில் மண் சேர்ந்து மேடாகியிருந்தது. கழித் தண்ணீர் பெருகும்போது அந்த மேட்டில் ஏறாது. தண்ணீர் ஏறாத இடத்தில் உமரி வராது.

"வெறகு பூரா நீங்களே எத்துக்கினு போங்க. எனக்கு வேர மட்டும் தோண்டி எட்த்துடுங்க நைனா."

"ஆவட்டும்மா" என்றான் ஏழுமலை.

எங்கள் தொழிலில் வேரை எவனும் எடுக்க மாட்டான். அடிக்கட்டையை விட்டால் ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். அடுத்த தடவைக்கு விறகு ஆச்சு. அவள் கரையில் தரைமட்டத்துக்கு வெட்டி, மேலே சேறு பூசிவிட்டோம். பூசியது நான்தான். காலால் மிதித்து வழவழவென்று ஆக்கினேன்.

"மாமே, மொழுகின தரையாட்டம் கீதுபா" என்றான் ஏழுமலை. எனக்குப் பெருமையாக இருந்தது. தேசம்மா சுற்றிப் பார்த்துவிட்டு எங்களுக்குக் கூழ் ஊற்றினாள். குடித்தோம்.

இரண்டு வருஷம் கழித்துப் போனால் நடக்க வழியில்லை. ஏழுமலை முந்திக்கொண்டான். "இது வெதைல வந்ததும்மா."

அவள் திட்டவில்லை. "அப்டியா? இந்த தபா இன்னும் ஆழமா தோண்டு நைனா" என்றாள், என்னைப் பார்த்து.

தோண்டினேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு வேர்தான் வந்தது. "இன்னாடா, கெணறு வெட்றியா? வண்டிக்கு நேரமாச்சு" என்றான் ஏழுமலை. விறகை லாரியில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம்.

அப்புறம் செட்டு கலைந்தது. ஏழுமலையும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மதிலோரம் வெட்டிய அந்த வாரமே லீவு சொல்லிவிட்டுப் போனேன். கத்திக்குப் பதில் கடப்பாரை. அதே சாக்கு. எந்த இடம் என்றே தெரியவில்லை. கரை முழுக்க முள்ளுக்காடு. உள்ளே கத்திச் சத்தம் கேட்டது. தேசம்மாதான். தலை நரைத்துவிட்டது. விறகு வெட்டிக்கொண்டிருந்தாள்.

யாரென்று சொன்னேன். அடையாளம் தெரிந்ததா தெரியாது. "வேர் எடுக்க வந்தேம்மா" என்று கடப்பாரையை இறக்கினேன்.

"ஐய, அத தொடாத." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்கட்ட இர்ந்தாதான நைனா மறுக்கா வரும்? இப்ப இத வெட்டித்தான் கஞ்சி குடிக்கிறேன்."

கொஞ்ச நேரம் அவளுக்கு விறகுக் கட்டு கட்டிக் கொடுத்தேன். கழிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில். எங்கேயும் சிவப்பு இல்லை.

கடப்பாரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். அதில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை.