ஆள் இல்லாமல் அமுக்கிய எண்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கோபமில்லை. நடந்தது என் சித்தி மகளுக்கு. பேய் என்று யாராவது வாயெடுத்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் அவள். சாலைத் திட்ட அலுவலகத்தில் பொறியாளர். எதைப் பற்றிப் பேசினாலும் மீட்டர் கணக்கில்தான் பேசுவாள். அவளே நடுங்கிக்கொண்டு சொன்னதால்தான் நம்பினேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்கிறேன்.

அவள் குடியிருக்கிற ஊர் வழியாகத்தான் அந்தச் சாலை போகிறது. பத்து வருடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் வெறும் வயல். இப்போது வீட்டுமனைகள், மாடி வீடுகள், பள்ளிக்கூடம். லாரிகள் மட்டும் பழைய வேகத்திலேயே வந்தன. இரண்டு வழிச் சாலையை நான்கு வழியாக்கி, நடுவில் மூன்று கிலோமீட்டருக்குத் தடுப்புச்சுவர் கட்டத் திட்டம். பள்ளிக்கூட வளைவில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று அவள் கேட்டாள். அவள் மகளும் அடுத்த மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேரப்போகிறாள்.

"ஒரு மாலைக்கு நூறு பேராவது கடக்கணும்மா. நம்பர் இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார் மேலதிகாரி.

மூன்று முறை எண்ணியாகிவிட்டது. மூன்று முறையும் அறுபதைத் தாண்டவில்லை. உயிருக்குப் பயந்து ஜனங்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். கடக்காதவர்களையும், கடக்கப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தவர்களையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? தலையை எதில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை அவளுக்கு. மறுநாள் காலை கூட்டம். அதோடு வரைபடம் முடிவாகிவிடும். கடைசியாக ஒரு தடவை எண்ணிப் பார்க்கத் தனியாகவே வந்து உட்கார்ந்தாள்.

மழைக்காலம். ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தின் நீளமான மதிலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிர்ப்பக்கம் காலி நிலம். கையில் கிளிக்கர். ஒரு ஆள் கடந்தால் ஒரு தடவை அமுக்கவேண்டும். 'டிக்' என்று ஒரு எண் ஏறும். ஏழு மணிக்கு அவள் கணவர் பைக்கில் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. "கல்யாண ஆல்பத்தைக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல, அந்த மேப்பையே கட்டிக்கிட்டு அழு" என்று காலையில் கிண்டல் பண்ணிவிட்டுத்தான் போயிருந்தார்.

ஆறு மணிக்கு, ஐம்பத்து மூன்று. அதற்கப்புறம் சாலையில் ஈ காக்கை இல்லை. தூறல் ஆரம்பித்தது. தெருவிளக்கு எரியவில்லை. மகள் புத்தகப்பையோடு அந்த வளைவில் நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

மணி 6.09.

அவள் ஒரு தப்பு செய்தாள். ஆளே இல்லாமல் கிளிக்கரை அமுக்கினாள்.

டிக். ஐம்பத்து நான்கு.

பதினைந்து வருட வேலையில் முதல் பொய்க்கணக்கு. அழித்துவிடலாமா என்று தலையைத் தூக்கினாள்.

எதிர்ப்பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கடந்து வந்தார். அவளைத் தாண்டிப் பின்னால் போனார். 'அப்பாடா' என்று அமுக்கினாள். அதற்குள் அங்கே இன்னொருத்தர். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. பிறகு ஒரு வயதானவர். ஒவ்வொருவராக, அவசரமே இல்லாமல்.

டிக்... டிக்... டிக்...

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எண் எழுபதைத் தொட்டது. ஏதோ பஸ் வந்து நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி 6.28. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சாலையில் பஸ் நிறுத்தமே இல்லை.

நிறுத்தம் எங்கே வரவேண்டும் என்று வரைபடத்தில் குறித்ததே அவள்தான்.

அப்புறம் இன்னொன்று. சாலை முழுக்கத் தண்ணீர். லாரி போனால் சளார் என்று தெறிக்கிறது. இவர்கள் நடந்தால்... சத்தமே இல்லை.

அவளுக்குப் பின்னால் போனவர்கள் எங்கே? மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மதில். இரண்டு பக்கமும் வாசலே இல்லாத மதில். ஒருவரும் இல்லை.

எழுந்து ஓடிவிடவேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. விரல் மட்டும் தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தது.

டிக்... டிக்...

மணி 6.41. கடந்து வந்த ஒரு பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். ஈரச் சேலை. முகம் தெரியவில்லை. குனிந்தாள்.

"என்னைச் சேத்துக்கிட்டீங்களா?"

இவள் விரல் கிளிக்கரிலேயே இருந்தது.

"போன தடவை யாரும் சேத்துக்கல."

டிக்.

அந்தப் பெண் போய்விட்டாள்.

மணி 6.50. எண் நூற்றியொன்று.

எதிர்ப்பக்கம் கடைசியாக ஒரு ஆள். கையில் ஹெல்மெட். நீலச் சட்டை. காலையில் இவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

அவள் கணவர்.

"என்னங்க... அங்கேயே நில்லுங்க!"

அவர் சாலையில் காலை வைத்தார்.

"வேணாம்... வராதீங்க!"

வளைவில் லாரி வெளிச்சம். எப்படி எழுந்தாள் என்று தெரியாது. ஓடினாள்.

போன் அடித்தது.

நின்றாள். திரையில் அவர் பெயர்.

"எங்க இருக்கே? நனைஞ்சுட்டியா?"

அவர் குரல்தான்.

"நீங்க... நீங்க எங்க?"

"ஆபீஸ்லதான். மழை விடட்டும்னு நின்னேன். இப்பத்தான் கிளம்பறேன்."

எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் லாரி உரசிக்கொண்டு போனது. காற்றில் தள்ளாடினாள். அவள் நின்றது சாலையின் நட்டநடுவில்... வெள்ளைக் கோட்டின் மேல்.

"இந்த ரோட்டுல வராதீங்க. சுத்தி வாங்க. உங்க கால்ல விழறேன், சுத்தி வாங்க!"

அவர் சுற்றித்தான் வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். அன்றிரவு இவளுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். ஆனாலும் காலையில் கூட்டத்துக்குப் போனாள். ஐம்பத்து மூன்று என்று எழுதுவதா, நூற்றியொன்று என்று எழுதுவதா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். 'போன தடவை யாரும் சேத்துக்கல' என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை. நூற்றியொன்று என்றே எழுதினாள். சுரங்கப்பாதைக்கு அனுமதி கிடைத்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, வளைவில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் அவளைக் கூப்பிட்டார். டயர் திருடு போகிறதென்று கடைக்கு வெளியே கேமரா மாட்டியிருந்தாராம். அதில் பழைய பதிவுகளைப் பார்த்தபோது இது கண்ணில் பட்டதாம்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அன்னைக்கு மழையில எதுக்கு அப்படி அலைஞ்சீங்க?"

"நானா? கடைசியில ஒரு தடவை ஓடினதோட சரி. அதுவரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்லையே."

அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்த தன் போனை அவர் நீட்டினார்.

மாலை 6.09. நாற்காலியில் அவள். எழுந்திருக்கிறாள். சாலையைக் கடந்து காலி நிலத்துப் பக்கம் போகிறாள். திரும்பி வருகிறாள். மறுபடியும் போகிறாள். வருகிறாள். லாரிகள் அவளை ஒட்டிப் பறக்கின்றன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. சாலையில் வேறு யாரும் இல்லை. ஒரு ஆள்கூட இல்லை.

"நாப்பத்தேழு தடவை. நான் எண்ணிப் பாத்தேன்" என்றார் கடைக்காரர்.

போகும்போது இரண்டு கையையும் வீசி நடந்தாள். வரும்போது மட்டும் இடது கை கீழே நீண்டிருந்தது. இடுப்புக்கும் கீழே. குழந்தையைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிற மாதிரி. என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள், அன்றைக்கு அவள் பார்த்தது எல்லாம் பெரியவர்கள். ஒரு குழந்தைகூட இல்லை.

கடைசியில் போன் வருகிற இடம். நடுச்சாலை. வலது கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறாள். லாரி வெளிச்சம் நெருங்குகிறது.

இடது கை கீழே நீண்டபடியே இருந்தது... யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, லாரி பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.